வெள்ளவத்தையில் பழைய வீட்டுக்குச் சுடுநீர் ஏற்பாடு: எதைத் தெரிவு செய்வது?

கடற்கரை ஒழுங்கை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் இருக்கும் எங்கள் பழைய இரண்டு மாடி வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். குளியலறைச் சுவர்கள் உடைக்கப்பட்டுக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. டைல்ஸ் பதிக்கும் வேலை இரண்டு வாரங்களில் தொடங்கவிருப்பதால், சுடுநீருக்கு என்ன ஏற்பாடு என்பதை அதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும்.

வீட்டில் ஐந்து பேர். நானும் கணவரும் பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளும் எனது தாயாரும். அம்மாவுக்கு 76 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பாரிசவாதத்தால் அவருடைய இடது பக்கம் பலவீனமாக இருக்கிறது. சூடு, குளிர் என்ற உணர்வும் அந்தப் பக்கத்தில் குறைவு. இதுவரை காலையில் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, குளியலறைக்குத் தூக்கிச் சென்று, வாளியில் கலந்து அவரைக் குளிப்பாட்டி வந்தோம். சென்ற மாதம் வாசற்படியில் கணவரின் கால் வழுக்கிக் கொதிநீர் முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. அம்மா இரண்டடி தள்ளி நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் மீது ஒரு துளியும் படவில்லை. ஆனால், அன்று முதல் அந்தப் பானையை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கேட்டால், மூன்று குளியலறைகளுக்கும் ஒவ்வோர் உடனடி ஹீட்டர் பூட்டினால் வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். பக்கத்து வீட்டார் கூரையில் சூரிய வெப்ப நீர்த்தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். இலண்டனில் இருக்கும் தம்பியோ, முழு வீட்டுக்கும் ஒரே பொயிலர் வைத்து எல்லாக் குழாய்களுக்கும் சுடுநீரைக் கொண்டுபோவதுதான் முறை என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் வலியுறுத்துகிறான். யாழ்ப்பாணத்தில் மாமியின் வீட்டு ஹீட்டர் சில ஆண்டுகளிலேயே உள்ளே வெள்ளைப் படிவு கட்டிப் பழுதாகிப்போனதால், எதை வாங்கினாலும் நிலைக்குமா என்ற தயக்கமும் இருக்கிறது.

எங்கள் மின்னிணைப்பு ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) 30 அம்பியர். வயரிங்கின் ஒரு பகுதி மிகப் பழையது. தண்ணீர்த் தாங்கி மேல்தளத்துக் கொங்கிறீட் தட்டின் மேல் இருக்கிறது. அம்மாவின் குளியலறை கீழ்த்தளத்திலும் மற்ற இரண்டும் மேல்மாடியிலும் உள்ளன. எங்கள் நிலையில் நீங்கள் இருந்தால் எதைத் தெரிவு செய்வீர்கள்?

செம்புக்கம்பி

வணக்கம், சகோதரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழும்பில் வீட்டு மின்னிணைப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இயந்திரத்தின் பெயரை முடிவு செய்வதற்கு முன், உங்கள் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு சூடு தேவை என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போம். கடைக்காரர் விட்டுவிடுவதும் தம்பி தவறவிட்டதும் அந்தக் கணக்கைத்தான்.

கொழும்பில் மேல்தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸில் இருக்கும். உடம்புக்கு இதமான குளியல் நீர் 40 பாகை. ஆக, நாம் ஏற்ற வேண்டியது 12 பாகை மட்டுமே. ஒருவர் குளிக்க 40 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 0.56 யூனிட் மின்சாரம் போதும். தம்பியின் ஊரில் குளிர்காலத்தில் குழாய் நீர் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே அதே 40 லீற்றருக்கு 30 பாகை ஏற்ற வேண்டும், அறைகளையும் சூடாக்க வேண்டும், எரிவாயுவும் நிலத்தடிக் குழாய் வழியாக வீட்டுக்கே வந்து சேரும். ஆகவே, அவர் சொல்வது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரியான ஏற்பாடு. நம் ஊரில் அந்தப் பொயிலர், பெரும்பாலான நாட்களில் சும்மா இருப்பதற்காகவே வாங்கிய இயந்திரமாகிவிடும்.

இனி உடனடி ஹீட்டர். 3.5 கிலோவாற்று ஹீட்டர் ஒன்று, நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடும் தண்ணீரை 12.5 பாகை உயர்த்தும். அதாவது, 28 பாகையை 40.5 ஆக்கும். கொழும்புக்கு அது போதும். (இதே ஹீட்டரை நுவரெலியாவில் பூட்டினால், 16 பாகையில் வரும் தண்ணீர் 29 பாகையைக்கூட எட்டாது; கொழும்பில் வாங்கி மலைநாட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.) ஆனால், அது இழுக்கும் மின்னோட்டம் 15 அம்பியருக்கு மேல். இரண்டு ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் 30.4 அம்பியர். உங்கள் முழு வீட்டின் இணைப்பே 30 அம்பியர் என்னும்போது, மேலே பிள்ளைகள் குளிக்க, கீழே அம்மா குளிக்க, சமையலறையில் கேத்தலும் போட்டிருந்தால் பிரதான சுற்றுடைப்பான் விழுந்து வீடே இருண்டுவிடும். மூன்று உடனடி ஹீட்டர்கள் என்பது ஒருமுனை இணைப்புக்கு ஒத்துவராத யோசனை.

அம்மாவுக்கு நான் பரிந்துரைப்பது, நீரைத் தாங்கியில் சூடாக்கி வைத்திருக்கும் 30 லீற்றர் சேமிப்புக் கீசர். 1.5 கிலோவாற்றுச் சூடாக்கிக்கு 6.5 அம்பியர் மட்டுமே தேவை. 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக ஏறத்தாழ 45 நிமிடங்கள் எடுக்கும். அந்த 30 லீற்றரைக் குளிர்ந்த நீருடன் கலந்தால் 40 பாகையில் 80 லீற்றர் கிடைக்கும்; ஒரு முதியவரை அவசரமின்றிக் குளிப்பாட்ட அது தாராளம். இடையில் மின்சாரம் நின்றாலும் தாங்கியிலுள்ள நீர் சூடாகவே இருக்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். உடனடி ஹீட்டர் வைத்திருந்தவர்கள் அப்போது மீண்டும் பானையைத்தான் தேடினார்கள்.

யாழ்ப்பாணத்து அனுபவத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். அங்கே கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவதால் கடினத்தன்மை மிக்கது. சூடேறும் இடத்தில் அது படிவாகக் கட்டுகிறது. கொழும்புக் குழாய் நீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. அதில் அவ்வளவு சுண்ணாம்பு இல்லை. தாங்கியின் உள்ளே அரிப்பைத் தன் மேல் ஏற்றுக்கொள்ளும் மக்னீசியக் கோல் ஒன்று இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்து மாற்றினால் தாங்கி நீண்ட காலம் உழைக்கும்.

இனி நான் சொல்வதற்காக உங்கள் செலவுப் பட்டியலில் எதை வெட்டினாலும் பரவாயில்லை, இதை மட்டும் வெட்டாதீர்கள். நம் நாட்டில் வீட்டின் புவித்தொடுப்பு (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பு) என்பது, வீட்டுக்காரர் தமது நிலத்தில் இறக்கிவைக்கும் செம்புக் கோலைப் பொறுத்தது. பழைய வீடுகளில் அந்தக் கோல் துருப்பிடித்த ஒரு கம்பித் துண்டாகவோ, சுவரோடு நின்றுபோன வயராகவோ இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து மணல் காய்ந்திருக்கும் மாதங்களில் புவித்தொடுப்பு மேலும் பலவீனமடையும். ஆகவே, கோலை ஈரமான ஆழம் வரை இறக்கி, தடையை மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மின்கசிவை உணர்ந்து உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது. கீசருக்குப் பிரதான பெட்டியிலிருந்து தனிச் சுற்று இழுக்க வேண்டும். குளியலறைக்குள் சுவிட்ச் வைக்கக் கூடாது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரைக் கொண்டு இந்த வேலையைச் செய்வியுங்கள். நனைந்த உடம்போடு, கைப்பிடியை இறுகப் பற்றியபடி நிற்கும் ஒருவர், மின்கசிவு ஏற்பட்டால் கையை விடுவித்துக்கொள்ள முடியாது.

மொட்டைமாடி

செம்புக்கம்பி ஐயா சொன்ன மின்பாதுகாப்பு விடயத்தில் ஒரு சொல்லும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், சூரிய வெப்பத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதால், தெஹிவளையில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக 200 லீற்றர் தொகுதி ஒன்றைப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். வெளிநாட்டு உறவினர்கள் வந்தால் பத்துப் பேரும் தங்குவார்கள். கொழும்பில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. கூரையில் வெயிலைப் பிடித்து நீரைச் சூடாக்கும் இரண்டு சதுர மீற்றர் தட்டு, அதில் பாதியைப் பிடித்தாலும் 140 லீற்றர் தண்ணீர் 30 பாகை ஏறிவிடும். நமது கட்டண முறையில் பாவனை கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதால், சுடுநீருக்காகச் சேரும் யூனிட்டுகள் எப்போதும் உங்கள் மின்கட்டணப் பட்டியலின் விலையுயர்ந்த படியில்தான் போய் விழும். எல்லோரும் நாளாந்தம் சுடுநீரில் குளிக்கும் வீட்டுக்குச் சூரியத் தொகுதி நல்ல முதலீடு என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே நேரம், நான் பட்ட இடர்களையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் குழாய் வேலை செய்தவர், கூரைத் தாங்கியிலிருந்து வரும் சுடுநீருக்குச் சாதாரண பிவிசி குழாயைப் போட்டுவிட்டுப் போனார். சித்திரை மாதத்து வெயிலில், நாங்கள் மூன்று நாள் ஊருக்குப் போயிருந்த வேளையில், தாங்கி நீர் 80 பாகையைத் தாண்டியிருக்க வேண்டும்; திரும்பி வந்து குழாயைத் திறந்தபோது, சுவரோரம் போன குழாய் இளகித் தொங்கி மூட்டு கழன்றுவிட்டது. பிவிசி 60 பாகைக்கு மேல் தாங்காது. சுடுநீர்ப் பாதைக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான பிபிஆர் அல்லது சிபிவிசி போட வேண்டும். சூரியத் தாங்கியிலிருந்து நேரே இறங்கும் பகுதிக்குச் செம்பு அல்லது சிபிவிசி இன்னும் நல்லது. கடற்காற்றின் உப்பு இரும்புத் தாங்குகாலை முதலில் தின்னும். எங்கள் முதல் தாங்குகால் அப்படித்தான் போயிற்று, இப்போது துருப்பிடிக்காத உருக்கில் மாற்றியிருக்கிறோம். வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மூடிக் கிடந்தால், மின்சாரத்தில் இயங்கும் துணைச் சூடாக்கியைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால், இரவு முழுவதும் 200 லீற்றரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். நேரக்கட்டுப்பாட்டுச் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தூரம். கூரையிலிருந்து கீழ்த்தளக் குளியலறை வரை குழாய் 14 மீற்றர் ஓடும் என்று வைத்தால், முக்கால் அங்குலக் குழாயில் ஏறத்தாழ 4 லீற்றர் ஆறிய நீர் தேங்கியிருக்கும். அது வெளியேறும் வரை ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு திடீரென்று மிகச் சூடான நீர் வரும். இளையவர்கள் கையை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தாயாரின் நிலையில் உள்ள ஒருவருக்கு அந்தத் திடீர் மாற்றம் ஆபத்தானது. ஆகவே, சூரியத் தொகுதியை மேல்மாடிக்கு மட்டும் யோசியுங்கள்.

வெண்சீருடை

நான் தாதியாகப் பணிபுரிபவள். பாரிசவாதத்துக்குப் பிந்திய பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அன்றைக்கு அம்மா மீது தண்ணீர் படாமல் போனதை வாசித்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது. பானையை விட்டுவிடும் உங்கள் முடிவு மிகச் சரியானது.

60 பாகை நீர், ஆரோக்கியமான ஒரு பெரியவரின் தோலில் ஏறத்தாழ 5 வினாடிகளில் ஆழமான காயத்தை உண்டாக்கிவிடும். முதியவர்களின் தோல் மெல்லியது. உணர்வு குறைந்த பக்கத்தில் வலி தெரியாததால், காயம் ஏற்பட்டதே சில வேளைகளில் மாலையில்தான் தெரியவரும். இதற்குப் பயந்து பலர் கீசரின் வெப்பநிலையை 45 பாகைக்குத் தணித்து வைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. 20 முதல் 45 பாகை வரையிலான தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியொனெல்லா என்னும் பக்டீரியா பெருகும். அந்த நீரின் நுண்திவலைகளைச் சுவாசிக்கும்போது, எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவர்களுக்குக் கடுமையான நுரையீரல் அழற்சி ஏற்படலாம். அதனால்தான் தாங்கியில் 60 பாகையாக வைத்திருந்து, குழாய்க்கு வரும்போது குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்துகிறது.

இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது வெப்பநிலைக் கலப்பு வால்வு. சுடுநீரையும் குளிர்நீரையும் தானே கலந்து, நாம் வைத்த அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும். குளிர்நீர் தடைப்பட்டால் சுடுநீரையும் நிறுத்திவிடும். அம்மாவின் குளியலறையில் அதை 40 பாகையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வாங்கும்போது, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் வகையா என்று கேளுங்கள். கூரைத் தாங்கியை நம்பியிருக்கும் நம் வீடுகளில் எல்லா வால்வும் ஒழுங்காக இயங்குவதில்லை.

சுவர் திறந்திருக்கும்போதே இன்னும் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். வலது கை நல்ல கை என்பதால், அமர்ந்து குளிக்கும் நாற்காலியிலிருந்து வலது பக்கத்தில் எட்டும் உயரத்தில் கைப்பிடியையும் கையில் எடுக்கும் ஷவரையும் வையுங்கள். திருகும் குழாயை விட நெம்பி உயர்த்தும் குழாய் அவருக்கு இலகு. குளிக்கும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். காலை 6 மணிக்குப் பதிலாகப் பத்து மணிக்குப் பின் குளிப்பாட்டினால், வெயிலில் இருக்கும் மேல்தாங்கித் தண்ணீரே பாதி இதமாகிவிடும், காற்றிலும் ஈரக்குளிர் இருக்காது. நம் பாட்டிமார் வெயில் ஏறிய பிறகு முழுகியதில் நல்ல காரணம் இருந்தது.

தொடர்மாடி ஏழு

எரிவாயுவில் இயங்கும் உடனடி ஹீட்டர் மின்கட்டணத்தைக் குறைக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் சுருக்கமாக ஒன்றை எழுதுகிறேன். அதைக் காற்றோட்டம் குறைந்த குளியலறைக்குள் பூட்டவே கூடாது. எரிதல் முழுமையடையாதபோது வெளிவரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைச் சாத்திக் குளிப்பவர் மயங்கிய பின்னரே மற்றவர்களுக்குத் தெரியும். வெளிச்சுவரில் பொருத்தி, புகைபோக்கி வைத்தால் மட்டுமே அது பாதுகாப்பானது. இதனாலேயே எங்கள் தொடர்மாடியில் அதைக் கைவிட்டோம்.

கடற்கரை ஒழுங்கை

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செம்புக்கம்பி ஐயாவின் கணக்கைக் கணவருடன் அமர்ந்து மீண்டும் போட்டுப் பார்த்தோம். உண்மையில் நாளாந்தம் சுடுநீர் தேவைப்படுவது அம்மாவுக்கு மட்டுமே. அவருக்கு மாதம் 17 யூனிட் அளவில்தான் வருகிறது; கீசரைக் குளிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு போட்டுப் பிறகு அணைத்துவிட்டால், தாங்கி ஆறுவதால் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும் அது எங்களுக்குச் சுமையில்லை. பிள்ளைகள் மழைநாட்களில் மட்டும் கேட்பார்கள். நானும் கணவரும் பச்சைத் தண்ணீரிலேயே குளிப்பவர்கள்.

ஆகவே, கீழே 30 லீற்றர் கீசரும் கலப்பு வால்வும் என்று முடிவு செய்துவிட்டோம். நேற்று மின்னிணைப்பாளர் வந்து அளந்து பார்த்ததில், பழைய புவித்தொடுப்புக் கோல் முற்றத்தின் சீமெந்துக்குக் கீழே அரித்துப்போயிருந்தது. புதிய கோல் இறக்கப்போகிறார். இந்த ஆண்டுகளெல்லாம் நாங்கள் அதை நம்பித்தான் சலவை இயந்திரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்க அச்சமாக இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. மேல்மாடியில் ஒரு குளியலறைக்கு மட்டும் 3.5 கிலோவாற்று உடனடி ஹீட்டர் வைக்கலாமா? கலப்பு வால்வை ஷவருக்கு அருகில் வைப்பதா, கீசருக்கு அருகில் வைப்பதா?

செம்புக்கம்பி

மேல்மாடிக்கு ஒன்று வைக்கலாம், சகோதரி. ஆனால், முதலில் நீரின் அழுத்தத்தைப் பாருங்கள். தாங்கியின் நீர்மட்டம் ஷவர் தலைக்கு மேல் 10 மீற்றர் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் மேல்மாடி ஷவருக்கும் தாங்கிக்கும் இடையில் இரண்டு மீற்றர் அளவுதான் இருக்கும், அதாவது, 0.2 பார். அந்த அழுத்தத்தில் பல உடனடி ஹீட்டர்களின் ஓட்டச் சுவிட்ச் (நீர் ஓடுவதை உணர்ந்து சூடாக்கியைப் போடுவது) இயங்கவே இயங்காது, தண்ணீர் சூடாகாமலே வரும். சிறிய அழுத்தப் பம்பி உள்ளிணைந்த ஹீட்டரை வாங்குங்கள், அல்லது அந்தக் குளியலறைக்கென்று தனியாக ஒரு பம்பி வையுங்கள். கீழ்த்தளத்தில் உயரம் கூடுதலாகக் கிடைப்பதால் இந்தச் சிக்கல் வராது. ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயரில் தனிச் சுற்று இழுக்கச் சொல்லுங்கள். 13 அம்பியர் பிளக்கில் செருகுவதற்கு இடம் கொடுக்க வேண்டாம். கீழே கீசர் போட்டிருக்கும் நேரத்தில் மேலே ஹீட்டர் இயங்கினாலும் இரண்டும் சேர்ந்து 22 அம்பியருக்குள் நிற்கும்.

மொட்டைமாடி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். பிள்ளைகள் வளர்ந்து எல்லோரும் சுடுநீர் கேட்கும் காலம் வரலாம். சுவர் திறந்திருக்கும் இப்போதே, கூரையிலிருந்து மேல்மாடிக் குளியலறைகளுக்கு ஒரு சிபிவிசி குழாயை இறக்கி, இரு முனைகளையும் மூடி வைத்துவிடுங்கள். இன்றைக்கு அதற்கு ஆகும் செலவு சில மீற்றர் குழாயும் அரைநாள் கூலியும்தான்.

கலப்பு வால்வு கீசரிலிருந்து வெளிவரும் குழாயிலேயே இருக்கட்டும். அப்போது அம்மாவின் ஷவர், கைகழுவும் குழாய், வாளிக் குழாய் எல்லாமே அதற்குப் பிறகு வருவதால் எதைத் திறந்தாலும் 40 பாகைக்கு மேல் வராது. கீசரின் அழுத்தம் விடுவிக்கும் வால்விலிருந்து சூடேறும் வேளையில் சில துளிகள் சொட்டும். அது பழுதில்லை. யாரும் அதை அடைத்துவிடாமல், ஒரு சிறு குழாயை வடிகாலுக்கு விட்டுவிடுங்கள். எல்லாம் பூட்டி முடிந்ததும், அம்மாவைக் குளிக்க அழைத்துச் செல்லும் முன், கீசரை முழுச் சூட்டுக்கு விட்டு, ஷவரை ஐந்து நிமிடம் திறந்து, வெப்பமானியை நீரில் பிடித்துப் பாருங்கள். பிறகு குளிர்நீரை மட்டும் சட்டென்று அடைத்துப் பாருங்கள். சில வினாடிகளுக்குள் ஷவர் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், பூட்டியவரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வரை அம்மாவின் குளியலைத் தள்ளிப்போடுங்கள்.